நிறுத்திப் போட்ட ஆஃப்ஷோர் கப்பலைக் கடலடிப் பணிக்கு மாற்றுவது எப்படி

ஐந்தாறு வருடம் லே-அப்பில் கிடந்த, கடல் எண்ணெய் மேடைகளுக்குச் சரக்கு சுமக்கும் ஒரு பி.எஸ்.வி.யைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் பெயின்ட் மீதும் என்ஜின் ஓடிய மணிக்கணக்கின் மீதும்தான் போகும். விலையைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: ஸ்டெபிலிட்டியில் (சாய்ந்தாலும் நிமிரும் திறனில்) எவ்வளவு மிச்சம், மின்சாரத்தில் எவ்வளவு மிச்சம், த்ரஸ்டருக்குள் (கப்பலைத் தள்ளி நிலைநிறுத்தும் உந்திக்குள்) என்ன நிலைமை. இந்த மூன்றும் தேறினால் மற்றதெல்லாம் பணத்தால் சரியாகும். தேறாத கப்பல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய காகிதங்கள்: ஸ்டெபிலிட்டி புத்தகம், கடைசி இன்க்ளைனிங் சோதனை (எடைகளை நகர்த்திக் கப்பலைச் சற்றே சாய்த்து ஈர்ப்பு மையத்தைக் கண்டறிவது) அறிக்கை, டி.பி. (த்ரஸ்டர்களால் கப்பலைத் தானாக ஒரே இடத்தில் நிறுத்தும் அமைப்பு) எஃப்.எம்.இ.ஏ. (எது பழுதானால் என்ன ஆகும் என்ற ஆய்வு), கடைசி ஆண்டு டி.பி. ட்ரயல் அறிக்கை, ஸ்விட்ச்போர்டு வரைபடங்கள், லே-அப் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் ஈரப்பதம் எவ்வளவு இருந்தது, ஷாஃப்டுகளை எப்போது சுழற்றினார்கள் என்ற குறிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் சுழற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

முதலில் உயிர்ப்பித்தல்

தகடு தடிமன் அளவீட்டை பேலஸ்ட் டாங்க்குகளின் மேல்பகுதி, சீ செஸ்ட் (கடல்நீரை உள்ளே எடுக்கும் பெட்டி), செயின் லாக்கர், மரப்பலகை போர்த்திய சரக்குத் தளம் ஆகியவற்றில் தொடங்குங்கள். மரத்துக்கு அடியில் தேங்கும் உப்புநீர் பல வருடம் கண்ணில் படாமலே தளத்தைத் தின்றிருக்கும். அனுமதித்த தேய்மானத்தில் 75 சதவீதத்தைத் தாண்டிய தகட்டை கிளாஸ் (கப்பலுக்குத் தரச்சான்று தரும் சங்கம்) 'கணிசமான அரிப்பு' என்று குறிக்கும். கிரேன் பீடமோ எல்.ஏ.ஆர்.எஸ். (ஆர்.ஓ.வி. என்ற ஆளில்லா நீரடி ரோபோவை இறக்கி ஏற்றும் சாதனம்) அடித்தளமோ வரப்போகும் இடம் அப்படி இருந்தால், அந்தத் தகட்டை மாற்றும் செலவை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

த்ரஸ்டருக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அசிமுத் த்ரஸ்டரின் (முழு வட்டமும் திரும்பும் வகை) கியர் எண்ணெயை, சுழற்சிப் பம்பை ஓட்டுவதற்கு முன் அடிமட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். பம்பு ஓடிவிட்டால் அடியில் தங்கியிருந்த நீர் எண்ணெயோடு கலந்து மறைந்துவிடும். முதலில் வரும் அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். அடியில் நீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ, எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலோ சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடக் கூடாது. பேரிங்கைத் திறந்தே ஆக வேண்டும். ஷாஃப்ட் வருடக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும்போது ஒவ்வொரு ரோலரும் தொடும் கோட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். ரேஸில் (ரோலர்கள் உருளும் வளையத்தில்) ரோலர் இடைவெளிக்குச் சரியாக, சீப்புப் பல்போல் கரும்பட்டைகள் தெரியும். ட்ரயலில் அந்த பேரிங் ஓடிவிடும். வேலைக்குப் போன பிறகுதான் உதிர்ந்து, மேக்னெட் பிளக்கில் துகளாக ஒட்டும். கியர் செட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டாக்கில் இருக்கும்போது திறந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

டீசல்-எலெக்ட்ரிக் கப்பலானால் அடுத்தது டிரைவ்கள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள்). ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் காணாத ஃப்ரீக்வென்சி டிரைவின் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு நேரடியாக 690 வோல்ட் கொடுத்தால் வெடிக்கக்கூடும். உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோனதுதான் காரணம். கரன்ட்டைக் கட்டுப்படுத்தி, வோல்டேஜை மெதுவாக ஏற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை வைத்து மீண்டும் பதப்படுத்துங்கள். ஜெனரேட்டர், மோட்டார் வைண்டிங்குகளுக்கு மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைக்கும்போது ஒரு நிமிட அளவு மட்டும் போதாது. பத்தாவது நிமிட அளவையும் எடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 2-க்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் வைண்டிங்கில் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. ஹீட்டர் போட்டு உலர்த்திவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

ரப்பர் ஹோஸ், யு.பி.எஸ். பேட்டரி, வைப்ரேஷன் டேம்பர் மூன்றையும் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். பேலஸ்ட் நீர் உடன்படிக்கையின் டி-2 தரம் (வெளியேற்றும் நீரில் உயிரிகளுக்கான வரம்பு) 2024 செப்டம்பர் 8-க்குள் எல்லாக் கப்பல்களையும் எட்டிவிட்டது. அதற்கு முன் படுத்த கப்பலில் சுத்திகரிப்புக் கருவி பெரும்பாலும் இருக்காது. அதற்கு இடமும் மின்சாரமும் ஒதுக்க வேண்டும். பழைய ஜெனரேட்டர் என்ஜினுக்குப் பதில் வேறு மாடலைப் போட்டால், போடும் காலத்தில் நடப்பிலுள்ள நாக்ஸ் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு) வரம்பு பொருந்தும். முடிந்தவரை இருப்பதையே ஓவர்ஹால் செய்யச் சொல்வது இதனால்தான்.

கிரேன் வைப்பதற்கு முன் ஒரு கணக்கு

5,000 டன் இடப்பெயர்ச்சி, 1.9 மீட்டர் ஜி.எம். (ஸ்டெபிலிட்டியின் அளவு; கூடினால் கப்பல் சாய்வது குறையும்), கீலுக்கு மேல் 6.5 மீட்டரில் ஈர்ப்பு மையம் உள்ள கப்பலை எடுத்துக்கொள்வோம். பீடத்தோடு 180 டன் எடையுள்ள கிரேனின் மையம் 18 மீட்டர் உயரத்தில் வருகிறது. கப்பலின் ஈர்ப்பு மையம் 0.40 மீட்டர் ஏறும், ஜி.எம். சுமார் 1.5 ஆகிவிடும். தளத்தில் 8 மீட்டர் உயரத்திலிருந்த 50 டன் சுமையைத் தூக்கியதும், அதன் எடை 30 மீட்டர் உயர பூம் நுனியில் இருப்பதாகவே கப்பல் உணரும். இன்னும் 0.21 போய், மிச்சம் 1.29. சுமை நடுக்கோட்டிலிருந்து 15 மீட்டர் வெளியே போனால் சாய்க்கும் திருப்புவிசை 750 டன்-மீட்டர். சாய்வு ஏறக்குறைய 6.4 டிகிரி. ஆஃப்ஷோர் கிரேன்கள் பலவற்றின் வரம்பு 5 டிகிரிதான்.

ஆன்டி-ஹீலிங் டாங்க்கில் 75 டன் நீரை 10 மீட்டர் குறுக்கே தள்ளினால் கப்பல் நிமிரும். அந்த நேரத்தில் கம்பி அறுந்தால் அதே 750 டன்-மீட்டர் எதிர்ப்பக்கம் இழுக்கும். நிலையான சாய்வு 5.5 டிகிரிதான், ஆனால் முதல் வீச்சில் அதன் இரு மடங்கு, 11 டிகிரி வரை போகும். அந்தக் கோணத்தில் தளத்தின் விளிம்பு நீரில் முங்குகிறதா, காற்றுக் குழாய்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்த பிறகே கிரேனின் அளவை முடிவு செய்யுங்கள்.

இடம் வேண்டும் என்று அடியிலுள்ள சிமென்ட் பல்க் டாங்க்குகளை வெட்டியெடுப்பவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: தாழ்வில் இருந்த எஃகு போனால் ஈர்ப்பு மையம் மேலே ஏறும். லைட்ஷிப் எடை (சரக்கும் எரிபொருளும் இல்லாத வெறும் கப்பலின் எடை) 2 சதவீதத்துக்கு மேலோ, அதன் நீளவாட்டு மையம் கப்பல் நீளத்தில் 1 சதவீதத்துக்கு மேலோ மாறினால் புது இன்க்ளைனிங் சோதனை கட்டாயம். மாற்றம் செய்த கப்பலில் இது நடந்தே தீரும். வேலை அட்டவணையில் இப்போதே ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

ஆர்.ஓ.வி. எங்கே, மின்சாரம் எங்கிருந்து

வொர்க்-கிளாஸ் ஆர்.ஓ.வி. ஒன்று 3 முதல் 5 டன் எடை, டி.எம்.எஸ். (அதன் கேபிளை விட்டுச் சுற்றும் கருவி) தனி. அலையில் ஆட்டம் குறைவான கப்பல் நடுப்பகுதியே இறக்க ஏற்ற இடம். த்ரஸ்டர் நீரோட்டம் பாயும் திசைகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்து, அம்பிலிக்கல் (ஆர்.ஓ.வி.க்கு மின்சாரமும் சிக்னலும் கொண்டுபோகும் கேபிள்) இறங்கும் கோட்டை அவற்றிலிருந்து விலக்குங்கள். சரக்குத் தளம் சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கும் என்று எழுதியிருப்பது பரவிய பாரத்துக்கு. எல்.ஏ.ஆர்.எஸ். கால்கள் கொடுப்பது புள்ளிப் பாரம். கிரில்லேஜ் (பாரத்தைப் பரப்பும் எஃகுச் சட்டகம்) போட்டு அதை அடியிலுள்ள வெப் ஃபிரேம்களுக்கு (கப்பலின் கனமான குறுக்குச் சட்டங்களுக்கு) இறக்குங்கள். வெல்டிங்குக்குக் கீழே எரிபொருள் டாங்க் இருந்தால் கழுவி, கேஸ்-ஃப்ரீ சான்று பெறுங்கள். அடிப்பக்கக் கோட்டிங் எரிந்திருக்கும். அதையும் திரும்பப் பூச வேண்டும்.

டி.பி.-2 தகுதி (ஏதாவது ஒரு கருவி பழுதானாலும் இடம் பிசகாமல் நிற்பது) சத்தமில்லாமல் போவது மின்இணைப்பில்தான். ஆர்.ஓ.வி.க்கு எப்போதும் மின்சாரம் வேண்டும் என்று இரண்டு ஸ்விட்ச்போர்டிலிருந்தும் கேபிள் இழுத்து நடுவில் ஒரு தானியங்கி மாற்று ஸ்விட்ச் வைப்பார்கள். ஒரு பக்கக் கோளாறு அதன் வழியாக மறுபக்கத்துக்கும் தாவும், இரண்டு ஸ்விட்ச்போர்டும் விழும், கப்பல் நகரும், கீழே ஆர்.ஓ.வி. கட்டியிருக்கிறது. 24 வோல்ட் சார்ஜர்களை டயோடால் இணைப்பதும் இதே வகைத் தவறு. ஒவ்வொரு புதுக் கருவியும் எந்த ஒரு பக்கத்தைச் சேர்ந்தது என்று எழுதி, எஃப்.எம்.இ.ஏ.வைத் திருத்தி, அந்தப் பக்கத்தை உண்மையிலேயே அணைத்துப் பாருங்கள். 2017 ஜூன் 9-க்கு முன் கட்டிய கப்பலுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் 1994-ஆம் ஆண்டு டி.பி. பற்றிய 645-ஆம் சுற்றறிக்கை பொருந்தும். வாடகைக்கு எடுப்பவர் புதிய 1580-ஐக் கேட்கலாம், முன்கூட்டியே பேசிவிடுங்கள். பவர் கணக்கை கிரேனின் சராசரியில் போடாமல் ஹீவ் காம்பென்சேஷனின் (அலையில் கப்பல் ஏறி இறங்குவதைக் கம்பியை விட்டு இழுத்து ஈடுசெய்வது) உச்சத்தில் போடுங்கள்.

சர்வேயர்கள், ஆர்.ஓ.வி. குழு என்று மாலுமிகள் அல்லாத பணியாளர்கள் 12 பேரைத் தாண்டினால் எஸ்.பி.எஸ். கோடு (சிறப்புப் பணிக் கப்பல்களுக்கான ஐ.எம்.ஓ. விதிகள்) வரும். அதன் 2008 பதிப்பு சேத ஸ்டெபிலிட்டியை நிகழ்தகவு முறையில் கேட்கிறது, பழைய பி.எஸ்.வி.கள் அப்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. மொத்தம் 60 பேருக்குள் நிறுத்தினால் வேண்டிய குறியீட்டில் (சேதமானாலும் கப்பல் தப்பும் வாய்ப்பின் அளவு) 80 சதவீதம் போதும். உயிர்காப்புச் சாதனங்களும் சரக்குக் கப்பல் விதிப்படியே போதும். 61-வது படுக்கைக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டுத்தான் கேபின் மாட்யூலை வரைய வேண்டும்.

ட்ரயலில் முதலில் துறைமுகச் சோதனை, பிறகு கடல் ஓட்டம், பிறகு டி.பி. கோளாறுச் சோதனை, கடைசியில் ஆர்.ஓ.வி.யும் கிரேனும். 50 டன்னுக்கு மேல் தூக்கும் கிரேனுக்கு 10 சதவீதம் கூடுதல் சுமை. 20 முதல் 50 டன் வரை 5 டன் கூடுதல். 50 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 11 கிலோ. 2,000 மீட்டர் விட்டால் கம்பி மட்டுமே 22 டன், நீரின் மிதப்பு அதில் கொஞ்சத்தைத்தான் குறைக்கும். அட்டவணையில் ஆழத்துக்கேற்பத் தூக்குதிறனைக் குறைத்து எழுதுங்கள். புதுக் கம்பி தளர்வாக டிரம்மில் ஏறியிருந்தால் கனமான சுமை வரும்போது மேல்சுற்று அடிச்சுற்றுகளுக்கிடையே புதைந்து நசுங்கும். அதனால் முதல் வேலைக்கு முன்பே ஆழமான நீரில் கொக்கியில் எடை கட்டி முழுக் கம்பியையும் இறக்கி, இழுவிசையோடு திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள்.