மரத்தளம் ஆடியது, பழுது இருந்தது சுவரோரத்தில்

வீட்டுப் பின்வாசலை ஒட்டிய மரத்தளத்தில் கதவருகே மிதித்தால் மட்டும் லேசாக அமுங்கும். நடுவில் குதித்தாலும் அசையாது. முதலில் பலகைகளைச் சந்தேகித்து, எல்லாத் திருகுகளையும் இறுக்கினேன். பிறகு தூண்களின் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன. இதிலேயே நாலு நாள் போனது.

ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றியபோதுதான் பிடி கிடைத்தது. தளத்தின் ஓரத்தைத் தாங்கச் சுவரில் பதித்திருந்த தாங்குசட்டத்தின் முன்பக்கம் சொட்டவே இல்லை. தண்ணீர் அந்தச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே போய் மறைந்துவிட்டது. சட்டத்தின் முகம் பெயிண்டோடு பளிச்சென்றுதான் இருந்தது. ஒரு பலகையைக் கழற்றி, மேல்விளிம்பில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன்: 3 செ.மீ. உள்ளே போனது. நல்ல மரத்தில் நுனிக்கு மேல் இறங்காது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். முகத்தை மட்டும் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு மேல்விளிம்பு மக்கியிருப்பது தெரியாது. போதாக்குறைக்குச் சட்டத்தைப் பிடித்திருந்தவை வெறும் ஆணிகள். போல்ட் ஒன்றுகூட இல்லை!

குறுக்குச் சட்டங்களுக்கு அடியில் தற்காலிக முட்டுக் கொடுத்த பிறகே பழையதைப் பிரித்தேன். பதப்படுத்திய புதுச் சட்டத்தை, துத்தநாகம் பூசிய 12 மி.மீ. போல்ட்களை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டு, வீட்டின் கட்டுமானச் சட்டகத்தோடு முடுக்கினேன். சட்டத்துக்கு மேலே, சுவரின் வெளிப்புறப் பலகைக்குப் பின்னால் செருகி, வெளியே மடித்த ஒரு நீர்த்தடுப்புத் தகடு.

மறுபடி வாளித் தண்ணீர். இம்முறை முன்பக்கமே சொட்டியது. அப்பாடா!