தாழ்த்திய பிக்கப்புக்கு வீல் ஆஃப்செட் தேர்வு செய்வது எப்படி?

முதலில் வண்டியின் உயரத்தை இறக்குங்கள், பிறகு வீல் வாங்குங்கள். வரிசை மாறினால் பணம் வீண். சில டிராப் ஸ்பிண்டில்கள் (முன்பக்கத்தை இறக்க மாட்டும், ஹப்பைத் தாங்கும் பாகங்கள்) சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளிவிடும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் டயரின் தலைப்பகுதி உள்ளே சாயும். அதனால் இறக்குவதற்கு முன் எடுத்த அளவு உதவாது. சில நாள் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்ததும் அலைன்மென்ட்டை முடித்துவிடுங்கள். அதன்பிறகே டேப்பை எடுங்கள்.

ஹப்பில் (வீலை மாட்டும் மையப் பகுதி) போய் உட்காரும் வீலின் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ், உட்பக்கம் என்றால் மைனஸ். பிளஸ் எண் கூடினால் வீல் வண்டிக்குள் போகும். குறைந்தால் ஃபெண்டர் பக்கம் வெளியே வரும்.

படி 1: பழைய வீலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். அகலமும் 'ஈடி' (ET) என்ற எழுத்துகளை அடுத்து ஆஃப்செட்டும் பெரும்பாலும் பொறித்திருக்கும். உதாரணத்துக்கு, 6 நட் உள்ள செவ்ரோலே சில்வராடோ 1500-இல் 20×8.5, ஈடி 31 இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 2: வீலை மாட்டி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குநூல் விட்டு, டயரின் புடைத்த பக்கச்சுவர் வரை உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ரிம்மிலிருந்து அளக்காதீர்கள், முதலில் உரசுவது டயர்தான். உள்பக்கம் சஸ்பென்ஷனின் அப்பர் ஆர்ம், ஸ்டீயரிங்கின் டை ராட், சேஸிஸ் மூன்றுக்கும் டயருக்கும் நடுவே களிமண் உருண்டை வைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இடதும் வலதும் ஒரே அளவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 3: கணக்கு. அங்குல அகலத்தை 25.4-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் பாதி அகலம். அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் வீல் முகத்திலிருந்து உள்விளிம்பு வரை உள்ள தூரம், கழித்தால் வெளிவிளிம்பு வரை.

பழைய 8.5 ஈடி 31: உள்ளே 138.95, வெளியே 76.95.
புதிய 9 ஈடி 24: உள்ளே 138.3, வெளியே 90.3.

உள்ளே ஏறக்குறைய மாற்றமில்லை, வெளியே 13.35 மி.மீ. வந்துவிட்டது. அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் மாட்டினால் டயரும் சுமார் 5 மி.மீ. விரியும், அதாவது பக்கத்துக்கு 2.5. ஆக, வெளியே 25 மி.மீ. இடம் இருந்தால் 9 மிஞ்சும். உள்ளே 12 இருந்தால் 10 மிஞ்சும். தாழ்த்திய வண்டிக்கு இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: "ஆஃப்செட் அதே 31, அப்படியே பொருந்தும்" என்று 9.5 அங்குல ரிம் வாங்கிவிடுவார்கள். எண் மாறாவிட்டாலும் இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடிவிடும். தோற்றத்துக்காக 9 அங்குலத்தில் ஈடி 0 போட்டாலோ 37 மி.மீ.க்கு மேல் வெளியே வரும். தூக்கிய வண்டியில் அது நிற்கும். தாழ்த்திய வண்டியில் முதல் பள்ளத்திலேயே ஃபெண்டர் விளிம்பு டயரை அறுக்கும். ஸ்டீயரிங் கனக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

பின்பக்கத்தைத் தனியாக யோசியுங்கள். இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை அச்சில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த டயரின் தலை உள்ளே சாய்ந்து பெட்டியின் உட்சுவரைத் தொடும். உள்பக்க மேல் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். லீஃப் ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்த அச்சை மேலே மாற்றியிருந்தால் சேஸிஸில் வெட்டு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டயருக்கு முன் அச்சே இடிக்கும்.

படி 4: உள்பக்க இடைவெளி சில மி.மீ. குறைந்தால் ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு) போடலாம், ஆனால் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். இந்த வண்டியின் மையத்துளை 78.1 மி.மீ. ஸ்டட் 14 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ. என்பதால் நட் குறைந்தது 9 சுற்றாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் நீளமான ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

படி 5: டயர் மாட்டாத ஒரு வீலை மட்டும் முதலில் பொருத்தி, பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். சரியென்றால் மாட்டி, டார்க் ரெஞ்சால் 190 நியூட்டன் மீட்டருக்கு நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அந்த ஓட்டத்துக்கு முன்பே ஃபெண்டர் உள்விளிம்பில் மெல்லக் களிமண் பூசி, பின்னால் சுமையோடு ஓட்டிப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும்.