ஹிமாலயன் 411-இலிருந்து 450-க்கு மாறலாமா: கூடுதல் செலவை எடைபோடும் முறை

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் பலர், 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்ததிலிருந்து, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாமா என்று யோசித்து வருகிறார்கள். இந்த முடிவை ஷோரூமில் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. கடந்த ஓர் ஆண்டில் நீங்கள் போன பயணங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் நான்குவழிச் சாலையில் எத்தனை கிலோமீட்டர், மலைப்பாதையிலும் கிராமச் சாலையிலும் எத்தனை கிலோமீட்டர் என்று பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பதை எஞ்சினே சொல்லும். காற்றாலும் ஆயிலாலும் குளிரும் 411-இன் திறன் சுமார் 24 குதிரைத்திறன்; கியர்கள் ஐந்து. திரவத்தால் குளிரும் 450-இன் 452 சிசி எஞ்சின் 40 குதிரைத்திறன் தருகிறது, கியர்கள் ஆறு. பின்னால் ஒருவரையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சென்னை–பெங்களூரு சாலையில் ஒரு லாரியை முந்தும்போது, 411-இல் கியரைக் குறைத்து, எதிர்பார்த்து, இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலையை 450 கைப்பிடியைத் திருப்பிய உடனே முடித்துவிடுகிறது. நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இது வேகம் பற்றிய விஷயமே அல்ல. சோர்வும் பாதுகாப்பும் பற்றிய விஷயம். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நிலைமை வேறு. 411-இன் முழு இழுவிசையான 32 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகள் சுற்றும் வேகத்தை ஒட்டியே கிடைத்துவிடுவதால், அது நிதானமாக ஏறும். 450-இன் 40 நியூட்டன் மீட்டர் 5,500 சுற்றுகளில் கிடைப்பதால், அங்கே கியரை அடிக்கடி மாற்ற நேரும்.

அடுத்தது பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்தது. ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பாமல் இன்றைய ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள். பழைய பைக்குக்குக் கிடைக்கும் தொகையை அதிலிருந்து கழித்து, பழைய லக்கேஜ் கேரியரும் கிராஷ் கார்டும் புதியதில் பொருந்தாது என்பதால் அவற்றின் விலையையும் கூட்டுங்கள். இப்படி வரும் வித்தியாசம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு கழித்து விற்கும்போது புதியது 60,000 ரூபாய் கூடுதலாகப் போகும் என்று கணித்தால், உண்மைச் செலவு 1,40,000. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் டூரிங் என்றால், கிலோமீட்டருக்கு 7 ரூபாய். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால், லிட்டர் 100 ரூபாய் விலையுள்ள பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்குச் சுமார் 3.33 ரூபாய்தான் ஆகிறது. அலுவலகத்துக்குப் போய்வரும் தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வேலையை 411 குறையின்றிச் செய்கிறது.

என் கருத்தில், பயணத்தில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையாகவும் பெரும்பாலும் இருவராகவும் போகிறவர்களுக்கு இந்த 7 ரூபாய் தகும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு 411-க்கு நல்ல டயர், சீட், பின் சஸ்பென்ஷன் ஆகியவற்றை மாற்றினால், பயணம் வெகுவாக மேம்படுவதைக் காண்பார்கள்.

மாறலாம் என்று தோன்றினால், டெஸ்ட் ரைடைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். உடன் வருபவரையும் அழைத்துச் செல்லுங்கள். இருவருமாக அமர்ந்து, சரிவான இடத்தில் நிறுத்தி, உங்கள் இரு கால்களும் தரையில் உறுதியாகப் படிகின்றனவா என்று பாருங்கள். 800 மில்லிமீட்டராக இருந்த சீட் உயரம் 450-இல் 825 ஆகியிருப்பது சராசரி உயரமுள்ளவருக்கு அப்போதுதான் தெரியும். டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் உள்ள வகையா என்பதையும் கேளுங்கள். ஆளில்லாத சாலையில் பஞ்சரானால், சக்கரத்தைக் கழற்றாமல் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொண்டு கிளம்பலாம் என்பதால், கூடுதல் விலை தரத் தயங்க வேண்டாத ஒரே வசதி இதுதான் என்பேன்.