நாய்க்கு மூக்கில் ரத்தம்: உண்ணிக் காய்ச்சலில் செய்யக்கூடாதவை

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக் காவலுக்கு நாய் வளர்க்கிற இளவட்டங்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் சித்திரை வெயில் ஏறியதும் போனில் ஒரே பேச்சு: "அண்ணா, நாய்க்கு மூக்குல ரத்தம் வருதுங்க." உண்ணி கடித்துப் பரப்பும் கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்டால், அந்தக் காலத்தில் நாங்கள் பார்த்த அதே வைத்தியம். உண்ணி பிடுங்குவது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சூடு என்று விட்டுவிடுவது

மோரும் இளநீரும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். வெயில் காலத்தில் உண்ணி பெருகும். அதனால்தான் வெயிலும் மூக்கில் ரத்தமும் சேர்ந்து வருகிறது.

"உண்ணியே இல்லைங்களே"

வயிறு நிறைந்த உண்ணி தானே உதிர்ந்துவிடும். அது விட்டுப்போன எர்லிக்கியா என்ற கிருமி நாயின் வெள்ளையணுக்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். முதல் காய்ச்சல் தணிந்த பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட, வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு எலும்பு மஜ்ஜை தளர்ந்து, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறையும்போது ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும். இன்றைக்கு உடம்பில் உண்ணி இருக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போடுவது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முத்தூர்ப் பக்கம் ஒரு தம்பி. நாய் தோட்டத்துச் சாளை ஓரமாகச் சுருண்டு படுத்திருக்கிறது, காது சுடுகிறது, சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. தம்பி மெடிக்கலுக்குப் போய், தனக்கு என்று சொல்லி டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையை வாங்கி, கறித்துண்டில் பொதிந்து கொடுத்துவிட்டான். சாயங்காலம் நாய் எழுந்து சாப்பிட்டதில் அவனுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் இரண்டு மூக்கிலும் ரத்தம், அடிவயிற்றில் குண்டூசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள், மலம் தார் நிறத்தில்.

நடந்தது இதுதான். நல்ல நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 2 முதல் 5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவற்றை அழிக்கும், மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். மிச்சம் இருப்பவையும் சரியாக ஒட்டாது, ரத்தக் குழாய்ச் சுவரும் வீங்கிக் கசியும். மூக்கின் உள்தோல் மெல்லியது, ஒரு தும்மலே போதும். இந்த நிலையில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதைக் கொடுத்தாலும் மிச்சத் தட்டணுக்களின் ஒட்டும் வேலையும் கெடும், இரைப்பையும் புண்ணாகும். டெங்கு வந்த பிள்ளைக்கு இந்த மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிகிறது. நாய்க்கும் அதே கணக்குதான்.

அதிலும் பாருங்கள், நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். மாத்திரை போட்டு அழைத்துப் போனால் டாக்டரின் தெர்மாமீட்டரிலும் காய்ச்சல் தெரியாது. தம்பியின் நாய் வேறொரு நாயின் ரத்தம் ஏற்றிப் பிழைத்தது. செலவு ஒரு கிடாய் விலையைத் தாண்டிவிட்டது.

ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்துவது

எர்லிக்கியாவுக்கு டாக்டர் கொடுக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை டாக்ஸிசைக்ளின் என்றால் 28 நாள். தீனியோடு.

பக்கத்துத் தோட்டத்து மருந்து

அவர்கள் நாய்க்கு எர்லிக்கியா, உங்கள் நாய்க்கு பபீசியாவாக இருக்கலாம். பபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி. ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறமாகும். அதற்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. ஊசி போடும் முன் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது.

ரத்தம் வரும்போது பஞ்சு திணிப்பது

வேண்டாம், தலையைத் தூக்கியும் பிடிக்காதீர்கள். நிழலில் கட்டி, மூக்குத்தண்டின் மேல் குளிர்ந்த ஈரத்துணி போடுங்கள். ரத்தம் ஒரு பக்கமா, இரு பக்கமுமா என்று கவனியுங்கள். ஒரே பக்கம் என்றால் உள்ளே புல் விதை சிக்கியிருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். முகம் வீங்கியிருந்தால் விரியன் கடியோ என்று சந்தேகப்பட்டு உடனே வண்டியை எடுங்கள்.

நாய்க்கு மட்டும் மருந்து போடுவது

முட்டை இருப்பது கட்டுத்தரைச் சுவர் வெடிப்பில், சாக்கு மடிப்பில். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். பொரிய சில வாரம் ஆகும் என்பதால் ஒரு தடவை மருந்து அடித்தால் தீராது.