பீங்கான் பொம்மையா, ரெசின் பொம்மையா? சேகரிக்கத் தொடங்குமுன் தெரிய வேண்டியவை

பீங்கான் பொம்மைக்கு எதிரி தரை. ரெசின் பொம்மைக்கு எதிரி ஜன்னல். முதலாவது ஒரு நொடியில் போய்விடும். மற்றது கண்ணுக்குத் தெரியாமல் வருஷக்கணக்கில் மஞ்சளாகும். வாங்கும்போது எதைச் சோதிப்பது, வீட்டில் எங்கே வைப்பது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பழைய பீங்கான் பொம்மை என்றால் பெரும்பாலும் பிஸ்க் தலை. மேலே பளபளப்புப் பூச்சு இல்லாமல் சுட்ட பீங்கானைத்தான் பிஸ்க் என்கிறார்கள். கன்னச் சிவப்பையும் புருவத்தையும் தீட்டி மறுபடி சூளையில் வைப்பதால், நூறு வருஷம் கழிந்தும் நிறம் வெளிறுவதில்லை. ரெசின் பொம்மை என்பது இங்கே உருண்டை மூட்டு பொம்மை, அதாவது கை கால்களை உருண்டை மூட்டுகளில் பொருத்தி, உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டிய பொம்மை. இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கான் அச்சில் ஊற்றி எடுக்கும் பாலியூரித்தேன் அது. 1999-இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபியைக் கொண்டுவந்த பிறகு பரவியது. இதன் முகம் சூளைக்குப் போவதில்லை. பேஸ்டல் பொடி, அக்ரிலிக், அதன் மேல் மேட் வார்னிஷ், அவ்வளவுதான். நகம் உரசினாலே புருவம் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பொறி இருக்கிறது. பீங்கான் தூளை ரெசினில் கலந்து வார்த்ததையும் 'பீங்கான்' என்று விற்கிறார்கள். உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: அசல் பீங்கான் சில்லென்று இருக்கும், நகத்தால் மெல்லத் தட்டினால் கிண்ணம் போல ஒலிக்கும். ரெசின் அவ்வளவு சில்லிடாது, ஓசையும் மொத்தையாக வரும்.

பிஸ்க் தலையில் கீறல் தேடுவது

விலையைத் தீர்மானிப்பது கீறல்தான். விற்பவர் 'கீறல் இல்லை' என்று சொன்னாலும் விக்கைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். விக் ஒட்டியிருக்கும், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள், அடம்பிடித்தால் இழுக்காதீர்கள். அடியில் கார்க் அல்லது அட்டை மூடி இருக்கும். அதையும் எடுத்துவிட்டு, இருட்டறையில் சின்ன எல்இடி டார்ச்சைத் தலைக்குள் விட்டுத் தலையை மெதுவாகத் திருப்புங்கள். நல்ல பிஸ்க் நிலா போல ஒரே சீராக ஒளிரும். மயிரிழைக் கீறல் இருந்தால் அந்த ஒளியில் கருங்கோடாகத் தெரியும். நெற்றி விளிம்பு, காதுக்குப் பின்புறம், கண் ஓரம், கழுத்துத் துளை, இந்த நான்கு இடங்களில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பிறகு புற ஊதா டார்ச்: பிற்காலத்தில் கீறலைச் சிமென்ட் வைத்து அடைத்து வண்ணம் பூசிய இடம், சுற்றியுள்ள பிஸ்க்கோடு சேராமல் தனித் திட்டாகத் தெரியும்.

பின்கழுத்தில் பதித்த குறியைப் படியுங்கள். 'ஏ.எம்.' என்ற எழுத்துகளும் 390 என்ற அச்சு எண்ணும் இருந்தால் ஜெர்மனியின் ஆர்மண்ட் மார்செய்ல் தலை. மிக அதிகமாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று, ஆகவே 'அபூர்வம்' என்று சொல்லி விலை ஏற்றினால் நகர்ந்துவிடலாம். நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது; அமெரிக்கா அந்த வருஷம் முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்டது. 1980, 90-களில் சான்றிதழோடு வந்த புதிய பீங்கான் பொம்மைகளை அழகுக்காக வாங்குங்கள், லாபத்துக்காக வேண்டாம். ஏராளமாகச் செய்ததால் மறுவிற்பனையில் விலை போவதில்லை.

தலையைவிட உடம்புதான் சீக்கிரம் கெடும். மரத்தூளையும் பசையையும் பிசைந்து வார்த்த காம்போசிஷன் உடம்பு ஈரத்தில் உப்பும், மேல் வண்ணம் செதிலாக உரியும். ஈரத்துணி அதன் பக்கமே போகக் கூடாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தொடங்குபவர்களுக்கு முழுவதும் பிஸ்க்கால் ஆன சின்ன ஜெர்மன் பொம்மைகளே நல்லது. 10 முதல் 20 செ.மீ. உயரம், ஐப்பசி கார்த்திகை மழை அவற்றை ஒன்றும் செய்யாது.

கண் மூடித் திறக்கும் பொம்மை என்றால் இன்னொரு ஆபத்து. கண்ணுக்குப் பின்னால் ஈயக் குண்டு தொங்கும். அதைப் பிடித்திருக்கும் பழைய பிளாஸ்டர் பெயர்ந்தால் குண்டு உள்ளிருந்தே தலையை உடைத்துவிடும். அனுப்பும்போது தலைக்குள் டிஷ்யூ தாளை நிரப்பி, முகம் கீழே பார்க்கும்படி கிடத்துங்கள். கொலு பொம்மையைச் சுற்றுவது போல செய்தித்தாளில் சுற்றாதீர்கள். நுண்துளைகள் உள்ள பிஸ்க்கில் மை இறங்கிவிடும்.

ரெசினில் பார்க்க வேண்டியது நிறம்

பழைய ரெசின் பொம்மையை இணையத்தில் வாங்குகிறீர்களா? மண்டை மூடியைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்த படம் கேளுங்கள். மூடியின் உட்புறம் வெயில் காணாத இடம், அசல் நிறத்துக்கு அதுதான் மிக நெருக்கம். முகம் அதைவிட எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு வயதாகியிருக்கிறது. உடம்பு முழுக்க ஒரே சீராக மஞ்சளாகியிருந்தால் வாங்கலாம். முகமும் கையும் மட்டும் மாறி, உடைக்குள் வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுங்கள். கலைஞரின் அனுமதி இல்லாமல் அச்செடுத்த நகல்களும் சுற்றுகின்றன. சான்றிதழும் பெட்டியும் கேட்டு வாங்குங்கள்.

60 செ.மீ. பொம்மைக்குக் காலில் 4 மி.மீ., கையில் 3 மி.மீ. எலாஸ்டிக் போதும். நிற்காமல் மடிந்து விழுந்தால் எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறது. கருப்பு, மெரூன், கருநீலத் துணிகள் வியர்க்கும் ஊரில் சாயம் விடும். முதலில் துவைத்து, உள்ளே வெள்ளைப் பருத்தி உடுத்துங்கள். கறை மேலோட்டமாக இருந்தால் மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து லேசாகத் தேய்த்தால் போகும். முக வண்ணத்தை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அசிட்டோன் ரெசினையே இளக்கிவிடும். அரம் போட்டாலும் உப்புத்தாள் போட்டாலும் நனைத்துக்கொண்டே, என்95 முகக்கவசத்தோடு செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

முகத்துக்கு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே வரும் நாளுக்குக் காத்திருங்கள். மழை நாளில் அடித்தால் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து முகம் மங்கிவிடும், எடுத்துவிட்டு முதலிலிருந்து தீட்ட வேண்டியதுதான். 25 செ.மீ. தள்ளி, மெல்லிய படலமாக, ஒவ்வொன்றுக்கும் இடையே அரை மணி நேரம். ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி கட்டாயம்.

இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதென்றால், வெயில் விழாத சுவரோரம், 50 சதவீதம் சுமார் ஈரப்பதம், கீழ்த்தட்டில் சிலிக்கா ஜெல். ஜெல்லின் நிறம் மாறியதும் அதைக் காயவைத்து மறுபடி வையுங்கள். பிஸ்க் பொம்மையை இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் தாங்கியில் நிறுத்துங்கள், சுவரில் சாய்க்க வேண்டாம்.