மோட்டார்ஹோமுக்கு சோலார் பேனல் வேண்டுமா? கணக்குப் போட்டு முடிவெடுப்பது எப்படி

பிரிட்டனில் புதிதாக மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) வாங்குகிற நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "கூரையில சோலார் போடணுமா?" நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்? உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும். மீதிக்குக் கொஞ்சம் பெருக்கல், வகுத்தல்.

வண்டியில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. இன்னொன்று விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி, போன் சார்ஜர் போன்ற வீட்டுச் சாமான்களுக்கு. இந்த இரண்டாவதைத்தான் லெஷர் பேட்டரி என்கிறார்கள். கூரையில் இருக்கும் பேனல் அதற்கு மின்சாரம் ஊற்றும், அவ்வளவுதான். ஏசி ஓட்டலாம், கெட்டிலில் வெந்நீர் வைக்கலாம் என்ற நினைப்பில் 100 வாட் பேனல் வாங்குவதாக இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

படி 1: ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள்?

கேம்ப்சைட்டில் உங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மின்கம்பம் இருந்து, நீலநிற கேபிளோ ஆரஞ்சு கேபிளோ செருகி 230 வோல்ட் எடுத்துக்கொள்வதை ஹூக்-அப் என்பார்கள். எப்போதும் ஹூக்-அப் உள்ள இடத்திலேயே தங்குகிறவருக்கு சோலார் தேவையில்லை. வண்டியில் உள்ள சார்ஜரே பேட்டரியை நிரப்பிவிடும். 16 ஆம்பியர் கிடைத்தால் ஏறக்குறைய 3,600 வாட் வரை இழுக்கலாம். ஆனால் 10 ஆம்பியர், 6 ஆம்பியர் மட்டும் தரும் இடங்களும் உண்டு. அங்கே வீட்டு கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். அதற்கும் சோலாருக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஹூக்-அப் இல்லாத இடங்களில் தங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அதிகபட்சம் ஐந்து வண்டிகளுக்கு மட்டும் இடம் தரும் சின்னப் பண்ணைத் திடல்கள் சிலவற்றில் மின்சாரம் இருக்காது. பிரான்சில் ஊருக்கு ஊர் மோட்டார்ஹோம் நிறுத்துமிடங்கள் உண்டு. தண்ணீர் கிடைக்கும், கழிவு கொட்டலாம், மின்சாரம் பல இடங்களில் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை ராத்திரி, வண்டியை நகர்த்தாமல், தொடர்ந்து தங்குவீர்கள்? அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

படி 2: ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது?

ஒவ்வொரு சாமானுக்கும் வாட் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்குங்கள். வருவது வாட்-மணி. சாமானின் மேல் வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்.

முதலில் ஃபிரிட்ஜ். மோட்டார்ஹோமில் இரண்டு வகை பரவலாக இருக்கும். ஒன்று, கேஸிலும் 12 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜ். வண்டி ஓடும்போது மட்டும்தான் அது 12 வோல்ட்டில் ஓடும். நிறுத்திய பிறகு கேஸுக்கு மாறிவிடும், பேட்டரியை அநேகமாகத் தொடாது. இன்னொன்று கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். வேன்களை மாற்றிக் கட்டிய சின்ன வண்டிகளில் இதுதான் அதிகம். இது இரவு பகலாக பேட்டரியிலேயே ஓடும். ஒரு நாளைக்கு 400 முதல் 600 வாட்-மணி சாப்பிடும். வெயில் ஏறினால் இன்னும் கூடும்.

கோடையில் மூன்று பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். எல்ஈடி விளக்குகள் 4, ஒவ்வொன்றும் 3 வாட், 4 மணி நேரம்: சுமார் 50. தண்ணீர் பம்ப் 60 வாட் என்றாலும் நாள் முழுக்கச் சேர்த்துப் பத்து நிமிடம்தான் ஓடும்: 10. மூன்று போன்: 45. லேப்டாப் ஒரு மணி நேரம்: 60. ஆக மொத்தம் 165 வாட்-மணி. இதே வண்டியில் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இருந்து அதற்கு 450 சேர்த்தால் 615.

சரி, ரைஸ் குக்கர்? இதை நம் ஆட்கள் கேட்காமல் இருந்ததில்லை. 500 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 250 வாட்-மணி. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தின்னும் நஷ்டத்தையும் சேர்த்தால் 290-ஐத் தொடும். ஒரு வேளைச் சோற்றுக்கு, மேலே சொன்ன குடும்பத்தின் ஒன்றரை நாள் செலவுக்கும் மேல். போதாக்குறைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று தனியாக இருந்தால் வோல்டேஜ் சட்டென்று விழுந்து இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைத்தால் மூன்று விசிலில் வேலை முடிந்தது. மிக்சி கதை வேறு. 500 வாட் மிக்சி மூன்று நிமிடம் ஓடினால் 25 வாட்-மணிதான், செலவு ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு கேட்கும், அதற்குத் தாங்குகிற பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். சட்னி ஒன்றுக்காக அதை வாங்குவதைவிட வீட்டிலேயே அரைத்து டப்பாவில் எடுத்து வருவது உத்தமம்.

படி 3: பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

பேட்டரி மேல் 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 12-ஆல் பெருக்க 1,200 வாட்-மணி. லெட்-ஆசிட் அல்லது அதிலேயே ஒரு வகையான ஏஜிஎம் என்றால் இதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதாவது 600. அதற்கும் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் என்றால் 1,000 வரை தைரியமாக எடுக்கலாம். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே உறைந்து கிடக்கும் லித்தியத்தை சார்ஜ் செய்யக்கூடாது. நல்ல பேட்டரிகளில் அதைத் தடுக்கும் சர்க்யூட் உள்ளேயே இருக்கும்.

பழைய வண்டி என்றால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். ராத்திரி முழு சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். லெட்-ஆசிட்டில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. சார்ஜர் கேபிளைக் கழற்றிய உடனே பார்த்தால் 13-க்கு மேல் காட்டும், அது பொய். லித்தியத்தில் இந்த வித்தை பலிக்காது. கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுத் திடீரென்று விழும். அதற்கு ஷன்ட் (உள்ளே வெளியே போகும் மின்சாரத்தை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும். என்னைக் கேட்டால் சோலாருக்கு முன்னால் வாங்க வேண்டியதே அந்த மானிட்டர்தான். ஒரு வாரம் அதைப் பார்த்தால் படி 2-இல் போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

படி 4: இன்ஜின் எவ்வளவு தருகிறது?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர் லெஷர் பேட்டரியையும் நிரப்பும். ஆனால் யூரோ 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த இன்ஜின் உள்ள பல வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் இருக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த அது வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும், லெஷர் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். அதற்குத்தான், அந்த வோல்டேஜை உயர்த்தி லெஷர் பேட்டரிக்கு அனுப்பும் பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் 60 ஆம்பியர்-மணி, அதாவது 700 வாட்-மணிக்குக் குறையாது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்தவரின் ஒரு நாள் செலவே தீர்ந்துவிட்டது! தினமும் ஊர் மாறுகிறவர் சோலாருக்குக் கொடுக்கும் பணத்தை இதில் போடலாம்.

படி 5: வெயில் எவ்வளவு தரும்?

ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி மையம் நடத்தும் பிவிஜிஐஎஸ் (PVGIS) என்ற இலவச இணையக் கருவி இருக்கிறது. வரைபடத்தில் நீங்கள் போகும் ஊரைத் தொடுங்கள். திறன் என்ற இடத்தில் 100 வாட்டுக்கு 0.1 என்று போடுங்கள். சாய்வில் 0 போடுங்கள், கூரையில் பேனல் படுத்துத்தானே கிடக்கிறது. மாதாமாதம் எத்தனை கிலோவாட்-மணி என்று வரும். அதை 1,000-ஆல் பெருக்கி, மாதத்தின் நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சராசரி.

தெற்கு இங்கிலாந்தில் 100 வாட் பேனலுக்கு ஜூனில் நாளொன்றுக்கு 400 வாட்-மணியை ஒட்டி வரும். டிசம்பரில் 40 வந்தால் உண்டு. பத்தில் ஒரு பங்கு! லண்டனில் டிசம்பர் 21 அன்று உச்சிவேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் எழும்புகிறது, பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. ஸ்காட்லாந்தின் வடக்கே போனால் இன்னும் மோசம். குளிர்காலத்தைத் தெற்கு ஸ்பெயினில் கழிக்கிறவர்களுக்கோ டிசம்பரிலும் 180-ஐ ஒட்டிக் கிடைக்கும்.

நிழலையும் மறக்க வேண்டாம். கூரை ஜன்னலின் மூடியோ டிவி ஆன்டெனாவோ பேனலின் ஒரு மூலையில் நிழல் போட்டாலே உற்பத்தி பாதிக்கு மேல் விழலாம். மரத்தடியில் நிறுத்தினால் பேனல் தூங்கும். வெயிலில் நிறுத்தினால் வண்டி சூடாகி ஃபிரிட்ஜ் கூடுதலாக ஓடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் வெளியே போகிறவருக்கு மடக்கு பேனல் நல்லது. வண்டியை நிழலில் விட்டு பேனலை மட்டும் வெயிலில் விரிக்கலாம். கடைக்குப் போகும்போது எடுத்து உள்ளே வைக்க வேண்டும், அது ஒரு தொல்லை.

படி 6: கூட்டிக் கழித்துப் பாருங்கள்

மேலே சொன்ன குடும்பம் ஜூலையில் வேல்ஸில், ஹூக்-அப் இல்லாத திடலில், மூன்று ராத்திரி. மூவழி ஃபிரிட்ஜ் என்றால் செலவு 165, பேட்டரியில் 600. மூன்றரை நாள் தாங்கும். பேனல் வேண்டாம். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் என்றால் செலவு 615, முதல் நாளிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். இங்கே 200 வாட் பேனல் கிட்டத்தட்ட 700 தரும்போது கணக்கு நேராகிறது. அடைமழை இரண்டு நாள் பிடித்தால் மட்டும் வண்டியை ஒரு சுற்று ஓட்ட வேண்டியிருக்கும்.

அதே குடும்பம் டிசம்பரில் போனால்? ஹீட்டர் விசிறிக்கு ஒரு 200 கூடும், விளக்கு நாலு மணிக்கே எரியத் தொடங்கும். 200 வாட் பேனல் தருவதோ 80. கூரையில் இன்னும் இரண்டு பேனல் போட்டாலும் ஈடாகாது. குளிர்காலத்துக்கு ஹூக்-அப் உள்ள இடமே சரி. அது பிடிக்காதவர் இரண்டாவது பேட்டரி போடலாம், எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் 25 கிலோ வரும், லித்தியம் அதில் பாதிதான். 3,500 கிலோ வரம்புக்குள் ஓடும் வண்டியில் அரிசி மூட்டை, தண்ணீர், சைக்கிள் எல்லாம் ஏற்றிய பிறகு அந்த வித்தியாசம் தெரியும்.

பணக்கணக்கு எளிது. பேனல், அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பொருத்தும் கூலி எல்லாவற்றையும் கூட்டி, ஹூக்-அப்புக்கு ஒரு ராத்திரிக்கு வாங்கும் கூடுதல் கட்டணத்தால் வகுங்கள். எத்தனை ராத்திரியில் காசு திரும்பும் என்று வரும். ஐந்தாறு வருடம் ஆகும் போலிருந்தால் நான் போடமாட்டேன்.

ஒரு விதிவிலக்கு

மேலே எந்தப் படியிலும் சிக்காமல் பேனல் தேவைப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள்: வண்டியை மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாத இடத்தில் நிறுத்தி வைப்பவர்கள். அலாரமும் ட்ராக்கரும் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரி தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து பிறகு எழவே எழாது. இவர்களுக்கு ஒரு சின்ன பேனலே பேட்டரியைக் காப்பாற்றும். ஆனால் பல கன்ட்ரோலர்கள் லெஷர் பேட்டரிக்கு மட்டும்தான் சார்ஜ் கொடுக்கும், அலாரமோ இன்ஜின் பேட்டரியிலிருந்து இழுக்கும். இரண்டு பேட்டரிக்கும் வெளியீடு உள்ள கன்ட்ரோலராகக் கேட்டு வாங்குங்கள்.

போடுவது என்று முடிவானால் பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தைக் கறக்கும் எம்பிபிடி (MPPT) வகை கன்ட்ரோலரே வாங்குங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டி, அப்புறம்தான் பேனல், கழற்றும்போது தலைகீழ். பழைய வண்டி வாங்குகிறவர் ஏணி வைத்துக் கூரையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே பேனல் போட்டிருக்கலாம்.