தானியங்கி ஸ்பிரிங்ளருக்கு மழை சென்சார் பொருத்துவது எப்படி?

வேலூரில் ஆடி, ஆவணி மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு, இரவில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். ஸ்பிரிங்ளரை இயக்கும் டைமருக்கு அது தெரியாது. விடியற்காலையில், ஈரம் காயாத புல்தரையின் மேலேயே போர்வெல் தண்ணீரை மறுபடியும் தெளிக்கும். நூறு சதுர மீட்டர் புல்தரையில் 6 மி.மீ. மழை பெய்தால் 600 லிட்டர் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் அதை வீணாக்குவது நியாயமன்று. கைபேசியில் வரும் வானிலை அறிவிப்பும் இங்கே முழுமையாக உதவாது. காட்பாடியில் கொட்டும் மழை சத்துவாச்சாரியில் ஒரு தூறல்கூடப் போடாமல் போகலாம்.

சென்சாரின் மூடிக்குள் நீரை உறிஞ்சி உப்பும் வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை நனைந்து உப்பியதும் ஒரு சுவிட்சை அழுத்தி, வால்வுகளுக்குச் செல்லும் 24 வோல்ட் மின்சாரத்தைத் துண்டிக்கும். காய்ந்து சுருங்கியதும் இணைப்பு தானாகவே திரும்பும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வானம் நேராகத் தெரிய வேண்டும். மரக்கிளையோ சன்ஷேடோ மறைக்கக்கூடாது, ஸ்பிரிங்ளர் தண்ணீரும் ஏசியின் வெப்பக் காற்றும் படக்கூடாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் பெரும்பாலும் பொருந்தும்.

அடுத்து, கன்ட்ரோலரின் (டைமர் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி) பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரிங்கைத் தொடங்குங்கள். 'சென்சார்' என்று குறித்த இரண்டு முனைகள் இருந்தால், அவற்றை இணைத்திருக்கும் சிறு கம்பியைக் கழற்றிவிட்டு, சென்சாரின் இரண்டு வயர்களையும் அங்கே முடுக்குங்கள். அப்படி முனைகள் இல்லையெனில், வால்வுகளிலிருந்து வரும் காமன் வயரை (எல்லா வால்வுகளுக்கும் பொதுவான வயர்) கழற்றி, அதற்கும் கன்ட்ரோலரின் காமன் முனைக்கும் நடுவில் சென்சாரை இணைக்க வேண்டும். போர்வெல் மோட்டாரையும் கன்ட்ரோலரே இயக்குகிறது என்றால் இதில் மிகுந்த கவனம் தேவை. மோட்டார் ரிலேயின் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின் சுவிட்ச்) காமன் வயரும் சென்சார் வழியாகவே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் மழை நாளில் வால்வுகள் மூடியிருக்க, மோட்டார் மட்டும் ஓடி, சூடேறிப் பழுதாகும். ஐயமிருந்தால் எலக்ட்ரீஷியனிடம் இந்த ஒன்றை மட்டுமாவது காட்டிவிடுங்கள்.

மூடியைத் திருப்பி மழையளவைத் தேர்வு செய்யலாம். பல மாடல்களில் ஏறத்தாழ 3 முதல் 20 மி.மீ. வரை அளவுகள் உண்டு. 6-இல் தொடங்குவது நல்லது, ஏனெனில் 3-இல் வைத்தால் வேர்வரை இறங்காத சிறு மழைக்கே பாசனம் நின்றுவிடும். தகடுகள் காயும் வேகத்தை மாற்றும் காற்றுத் துளை வளையம் உள்ள சென்சாரில் பருவத்தையும் பார்க்க வேண்டும். கோடையில், மாடியின் சூட்டில் தகடுகள் மண்ணைவிட விரைவில் காய்ந்துவிடும். அப்போது துளைகளைப் பாதியாவது மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் முழுவதும் திறந்து வையுங்கள்.

இறுதியாக, பிளக்கைச் செருகி ஒரு வால்வை ஓடவிட்டு, சென்சாரின் உச்சியிலுள்ள தண்டை விரலால் அழுத்திப் பிடியுங்கள். தெளிப்பும் மோட்டாரும் சேர்ந்து நின்றால் இணைப்பு சரி. நிற்காவிட்டால், சென்சாரைச் செயல்படவிடாமல் ஒதுக்கிவிடும் பைபாஸ் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்பதையும், கழற்ற வேண்டிய சிறு கம்பி முனைகளிலேயே இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.